அவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம்

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த கட்டடத் தொழிலாளியைப் பற்றி எழுதியிருந்தாய். டிபி என்று தெரிந்ததும் அவருடைய அண்ணன் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாராம். ஒற்றை அறை, இரண்டு சின்னக் குழந்தைகள், எங்காவது வார்டில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறாய். மூச்சுத் திணறலோ இருமலில் ரத்தமோ இல்லையென்றால் வேண்டாம்மா.

இந்தக் கேள்விக்குச் சென்னையில்தான் பதில் கிடைத்தது. அதற்கு முன் காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது அப்படிப்பட்டதுதான்: நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. ஆனால் எத்தனை பேருக்குப் படுக்கை கிடைக்கும்? சம்பாதிக்கிற ஆள் மாதக்கணக்கில் போய்ப் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா?

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் வந்தது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸும் நம் ஊர் டாக்டர்களும் ஏறக்குறைய 200 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், மீதிப் பேர் தங்கள் வீட்டிலேயே. இரு பக்கத்தாருக்கும் ஐசோனியாசிட், பிஏஎஸ் என்ற இரண்டு காசநோய் மருந்துகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு, நெரிசல் அதிகம். ஆனாலும் வருட முடிவில் குணமானவர்கள் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 1959இல் முடிவு வெளியானது. குடும்பத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால் தொற்று கூடவில்லை. பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே தொற்றியிருந்தது. அந்த அண்ணனுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

லேப்பில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு மனதில் நிற்பது இன்னொன்று. அவர்கள் நோயாளியின் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. திடீரென்று வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். பிஏஎஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து, ஒரு வருடம் யார் விடாமல் விழுங்குவார்? அப்படி வாசலேறிப் போன ஆட்கள் இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது.

இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம்தான். இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடுவார்கள், அப்போது நீயோ உன் ஆட்களோ போய்ப் பாருங்கள். குழந்தைகளை இந்த வாரமே பரிசோதித்து, நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடு. அப்புறம், சாப்பாட்டுக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் அவர் கணக்கில் ஏறுகிறதா என்றும் பார்.

அன்புடன்,
அப்பா