ஓரம் சிவந்திருந்தால் வேகவில்லை என்று அர்த்தமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் உணவுப் பக்கத்தில், விறகுப் புகையில் மெல்ல வேகும் பார்பெக்யூ பன்றிக்கறியைப் பற்றி எழுதியவர் இரண்டு விஷயங்கள் சொல்லியிருக்கிறார். கறியின் ஓரம் சிவந்திருந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். மதியமே 'தீர்ந்துவிட்டது' என்று பலகை மாட்டும் சிறு உணவகங்களுக்கு வியாபாரம் தெரியாதாம். இரண்டுமே தவறு. ஒழுங்காகச் சமைக்கிற கடைக்குத்தான் இதனால் கெட்ட பெயர்.

ஓரத்துச் சிவப்பு புகை தந்த நிறம். விறகு எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்க வைக்கின்றன. அதன்பின் எவ்வளவு வெந்தாலும் அது போகாது. மேலிருந்து அரை சென்டிமீட்டர், சிலசமயம் ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரை இருக்கும். நடுப்பகுதி பச்சையாக, எலும்பை விடாமல் வழவழவென்றிருந்தால் அது வேறு. தாராளமாகத் திருப்பி அனுப்பலாம். ஆனால் வெந்ததா என்பதை வெப்பமானியைக் கேட்க வேண்டுமே தவிர, நிறத்தையல்ல. முழுத் துண்டுப் பன்றிக்கறிக்கு அமெரிக்க வேளாண் துறை 2011இல் சொன்ன அளவு 63 டிகிரி செல்சியஸ், பிறகு 3 நிமிடம் ஆறவிடுதல். புகையில் வைக்கும் தோள்கறியின் உள்சூடு 93 முதல் 96 டிகிரி வரை போகிறது!

அவ்வளவு சூடு எதற்கு? பன்றியின் தோள் ஓயாமல் உழைக்கும் தசை. அதில் தசையை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அதிகம். 63 டிகிரியில் இறக்கினால் சாப்பிடப் பாதுகாப்பானது, மெல்லத்தான் முடியாது. கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாற 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் நிற்க வேண்டும். 4 கிலோ துண்டை 107 முதல் 120 டிகிரி அடுப்புச் சூட்டில் வைத்தால் சுமார் 12 மணி நேரம் ஆகும். சிக்கல் நடுவில்தான். உள்சூடு 65, 70 டிகிரியை எட்டியதும் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். கறியின் மேற்பரப்பு ஈரம் ஆவியாகி, வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். பொறுமையில்லாதவர் இங்கே விறகை அள்ளிப் போடுவார். அடர்ந்த வெள்ளைப் புகை கிளம்பிக் கறியில் கசப்பு படியும், நாக்கு மரத்துப்போகும். தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள், அல்லது கெட்டித் தாளில் சுற்றி வைப்பார்கள். அலுமினியத் தாளில் சுற்றினால் இன்னும் சீக்கிரம் முடியும். ஆனால் மேலே கட்டிய கருத்த பொருக்கு நமுத்துவிடும். பொருக்குப் போனால் பாதி ருசி போன மாதிரி.

முந்தின இரவே அடுப்பேற்றிய கறி மதியம் தீர்ந்தால், கடைக்காரர் மறுபடி எங்கே போவார்? 4 கிலோ பச்சைக்கறியில் கொழுப்பும் நீரும் எலும்பும் போக, தேறுவது 2 கிலோவுக்குச் சற்று மேல். முழுத் துண்டாக 60 டிகிரிக்கு மேல் சூடு காத்தால் சில மணி நேரம் நன்றாக இருக்கும். பிய்த்து வைத்தாலோ சீக்கிரம் காய்ந்து சக்கையாகிவிடும். ஒரே அடுப்புள்ள கடை அளவாகப் போட்டு, தீர்ந்ததும் பலகை மாட்டுவது நேர்மை.

தட்டு வந்ததும் முதல் வாய் சாஸ் இல்லாமல் சாப்பிட வேண்டும். விரலால் இழுத்தால் நார் நாராகப் பிரிய வேண்டும்; கூழாகக் குழைந்தால் சூட்டில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில் பொருக்குப் பகுதியைத் தனியாகவே கேட்டு வாங்குகிறார்கள். அங்கே தோள்கறிக்கு வினிகரோடு கொஞ்சம் கெட்சப் கலந்த சாஸ். அதே மாநிலத்தின் கிழக்கில் முழுப் பன்றியை வாட்டி, தக்காளியே சேராத வினிகர், மிளகாய்ச் சாஸ் ஊற்றுகிறார்கள். தென் கரோலினாவில் கடுகுச் சாஸ் பிரபலம். எந்தச் சாஸானாலும் கொழுப்பின் திகட்டலை அறுக்கத்தான். கறியை மூழ்கடித்துக் கொண்டுவந்தால் புகையின் தரமே தெரியாது.

வீட்டுக்கு வாங்குபவர்கள் பிய்க்காத துண்டாகக் கேளுங்கள், வடிந்த சாற்றையும் சேர்த்து. மறுநாள் அந்தச் சாற்றோடு மூடிவைத்து, உள்ளே 74 டிகிரி வரும்வரை சூடாக்கிய பிறகு பிய்த்தால் கறி காயாது.

நிறம் பற்றிய வரிக்காவது அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்