மாப்பிள்ளைக்கு, படையெடுக்கும் முன்

மாப்பிள்ளை,

கையெழுத்து விஷயத்தை இங்கே எழுதப் போவதில்லை. நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறார்கள், யாராவது ஒருவர் மாமாவிடம் போனை நீட்டாமல் இருக்கமாட்டார்கள். அதனால் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சிவிலைசேஷன் ஃபைவ் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் நாம் பாதியில் விட்டது அப்படியே இருக்கிறது. நிற்பது என் முறை. திறப்பேன், வரைபடத்தைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். இப்போது முடிவெடுத்துவிட்டேன். இந்த வாரம் ஆட்டத்தில் உன் நகரமான சங்ககிரியை அடிக்கப் போகிறேன்.

சொல்லாமலே அடித்திருக்கலாம், ஆட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் எதிரில் நீ உட்கார்ந்திருக்காதபோது உன் ஊர்களுக்குள் நுழைய எனக்கு மனசு வரவில்லை. காங்கேயம், தாராபுரம், பவானி என்று ஒவ்வொரு நகரத்துக்கும் நீ பெயர் மாற்றி வைத்திருக்கிறாய். தலைநகருக்கு அம்மிச்சி ஊர்ப் பெயர். அதை மட்டும் கடைசி வரை தொடமாட்டேன்.

திம்பம் மலைப்பாதையில் நின்றோமே, அதைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில் கரும்பு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. மேலேயும் கீழேயும் வண்டிகள், ஆரன் சத்தம், இறங்கி நின்று சத்தம் போடும் டிரைவர்கள். நீ பைக்கை ஓரங்கட்டிவிட்டு, ரோட்டில் விழுந்து கிடந்த கரும்பை எடுத்துப் பல்லால் உரித்துக்கொண்டே சொன்னாய்: “ஒரே ஒரு வண்டி, மச்சான். மொத்த மலையும் நின்னு போச்சு பாருங்க.”

அப்புறம் சுவர் மேல் கூழாங்கல்லை வரிசையாக வைத்துக் காட்டினாய். ஆட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு படைதான். கணவாய் ஒரு கட்ட அகலம்தான். முன்னால் போகிறவன் அடிபட்டு நின்றுவிட்டால், பின்னால் எத்தனை பேர் வந்தாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம்தான் என் கல்லெறி எந்திரங்கள் எல்லாம் உன் வாசலில் அழிந்திருந்தன. ஏன் தோற்றேன் என்று தோற்கடித்தவனே பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். கடைசிக் கல்லை வைத்தபோது உன் விரலில் கரும்புச் சாறு ஒட்டி அந்தக் கல்லும் கூடவே வந்தது.

மேற்கே மாயாற்றுப் பக்கம் கையைக் காட்டி, அங்கேதான் கெஜலட்டிக் கணவாய் என்றாய். 1790 செப்டம்பரில் திப்பு அந்த வழியாகத்தான் இறங்கினார். ஆங்கிலேயத் தளபதிகள் மூன்று பேரும் மூன்று இடத்தில்: மெடோஸ் கோயம்புத்தூரில், ஸ்டூவர்ட் பாலக்காட்டு முற்றுகையில், ஃபிளாய்டு சத்தியமங்கலத்தில். ஒருவருக்கு ஒன்று என்றால் இன்னொருவர் உடனே வந்து சேர முடியாத தூரம். திப்பு வந்ததும் ஃபிளாய்டு பீரங்கிகளை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் பின்வாங்கினார். “படை குறைவா இருந்தாப் பரவாயில்லை, பிரிஞ்சு நிக்கக் கூடாது” என்றாய். இவ்வளவு தெரிந்த நீ, மாமா பேசியபோது ஒரு வார்த்தை பேசாமல் நின்றாய்.

சரி, அது வேண்டாம்.

காதுகுத்துக்கு வராததற்கு மன்னித்துக்கொள். குழந்தைக்கு வாங்கிய தோடு பீரோவில் இருக்கிறது. ஆனால் பத்திரிகையில் அம்மா பெயர் இல்லை, மாப்பிள்ளை. உன் அத்தை பெயர் இல்லாத பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எப்படி மண்டபத்து வாசலில் வந்து நிற்பேன்? நீ என் இடத்தில் இருந்தால் வந்திருப்பாயா? மன்னித்துக்கொள் என்று எழுதும்போதே கோபம் வருகிறது, என்ன செய்ய.

திட்டத்தைச் சொல்கிறேன். போன தடவை கல்லெறி எந்திரம் எட்டும் தூரமும் உன் நகரம் சுடும் தூரமும் ஒன்று, இரண்டு கட்டம். கிட்டே போய் நிலைநிறுத்துவதற்குள் நீ முடித்துவிட்டாய். இப்போது என்னிடம் டைனமைட் தொழில்நுட்பம் இருக்கிறது. புதுப் பீரங்கிகள் மூன்று கட்டம் சுடும், இடையில் மலை மறைத்தாலும் சுடும். குறி தெரிய ஒரு கண் வேண்டும், அதற்கு ஒரு குதிரைவீரனைக் குன்றின் மேல் ஏற்றுவேன். கணவாயில் ஒரு தளபதியைச் செலவழித்து நீ கட்டிய கோட்டையின் பக்கத்தில் யாரையும் நிறுத்தமாட்டேன். அங்கே நின்றால் முறைக்கு படையின் பலத்தில் 30 புள்ளி போகும், மறக்கவில்லை. படையை இரண்டாகப் பிரித்துக் கடல் வழியாகவும் அனுப்பலாமா என்று யோசித்தேன். மெடோஸ் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். பீரங்கி எவ்வளவு அடித்தாலும் நகரத்தைப் பிடிக்காது. ஆகவே கடைசியில் குதிரைப்படை உள்ளே போகும். பிடித்த பிறகு நகரத்தை எரிக்கவா என்று ஆட்டம் கேட்கும். எரிக்கமாட்டேன்.

நீயும் ஒன்று செய். எல்லாப் படையையும் சங்ககிரிக்குள்ளும் கோட்டையிலும் அடைத்து வைக்காதே. குதிரைகளைப் பவானியில் நிறுத்து. என் பீரங்கிகள் வந்து நின்று, இன்னும் சுடத் தயாராகாத அந்த ஒரு முறை இருக்கிறது பார், அப்போது வெளியே வந்து அடி. அடித்தால் எனக்குத் தாங்காது. இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்காதே. நீ பாதி மனசோடு ஆடி நான் ஜெயித்தால் அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே ஒரு விஷயத்தில் நீ அப்படித்தான் நின்றாய், இதிலும் வேண்டாம்.

போர் அறிவித்துவிட்டு முறையை முடித்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. நீ ஆடி முடிக்கிற வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், எட்டிப் பார்க்கமாட்டேன். நீ வருவாய் என்று உன் அத்தையிடம் சொல்லிவிட்டேன். மாமாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, தோட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.