ஓட்டம் கெடுவது முதல் கிலோமீட்டரில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கோலாலம்பூர் சாலை ஓட்டங்களுக்கு இப்போதெல்லாம் வேன் பிடித்துப் போகிறார்கள். பெரும்பாலும் 10 கிலோமீட்டர் பிரிவு. செம்பனைக்கு நடுவே செம்மண் சாலையில் அந்தத் தூரத்தை அலட்டிக்கொள்ளாமல் முடிப்பவர்கள்தாம். நகரத்தில் மட்டும் 7வது கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். பயிற்சி போதாது என்று பேச்சு வருகிறது. பயிற்சியில் குறையில்லை, பதற்றத்தில் முதல் கிலோமீட்டரை விரட்டியதுதான் காரணம்.

தொடக்கக் கோட்டில் கூட்டம், ஒலிபெருக்கி, விளக்கு. நிற்கும்போதே நெஞ்சு படபடக்கும். அட்ரினலின் ஏறிய உடம்புக்கு வேகம் வேகமாகத் தெரியாது. 7 நிமிடத்தில் ஓட வேண்டிய கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடிவிட்டு, கால் லேசாக இருக்கிறதே என்று மகிழ்வார்கள். அதற்குள் உடல் சூடேறியிருக்கும். விடியுமுன் ஓடுவதால் குளுமை என்று நம்பாதீர்கள். நம் நாட்டில் அந்நேரத்தில்தான் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் சொட்டுமே தவிர சூட்டைத் தணிக்காது.

70 நிமிடம் இலக்கு என்றால் கணக்கு இதுதான்: முதல் 2 கிலோமீட்டர் தலா 7 நிமிடம் 20 விநாடி, அடுத்த 6 தலா 7 நிமிடம், கடைசி 2 தலா 6 நிமிடம் 40 விநாடி. உயரக் கட்டடங்களுக்கிடையே கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் தடுமாறும். சாலையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்தே நேரத்தைச் சரிபாருங்கள். தொடக்கத்தில் முண்டியடிக்கவும் வேண்டாம். பரிசுக்கு ஓடாதவருக்குக் தொடக்கக் கோட்டு விரிப்பை நேரம் பதியும் சிப் கடந்த பிறகுள்ள நேரம்தான் முக்கியம்.

பதற்றம் வயிற்றைக் கலக்கும். கழிப்பறை வரிசை நீளம், ஒரு மணி நேரத்துக்கு முன்பே அங்கே இருங்கள். எண் அட்டையை முந்தின இரவே நான்கு மூலையிலும் ஊக்குக் குத்தி வையுங்கள். புதுக் காலணி வேண்டவே வேண்டாம். பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்து கனக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக் காம்பு மூன்றிலும் உராய்ந்து புண்ணாகாமலிருக்க வாஸ்லின். இரண்டரை மணி நேரம் முன்பு காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவிய ரொட்டி இரண்டு துண்டு, ஒரு வாழைப்பழம் போதும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை ஓடி முடித்த பிறகு சாப்பிடலாம். டின்னில் வரும் 100 பிளஸ் பானம் குடிப்பவர்கள் முதலில் கேஸ் போக விடுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

தண்ணீர் மேசையில் முதல் மேசையை விட்டுக் கடைசி மேசைக்குப் போங்கள், அங்கே நெரிசல் குறைவு. காகிதக் கோப்பையின் வாயைக் கிள்ளி மடக்கினால் தண்ணீர் மூக்கில் ஏறாது. நாலு எட்டு நடந்து குடிப்பதில் வெட்கமில்லை. விலாவில் பிடித்தால் வேகத்தைக் குறைத்து மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். மேம்பால ஏற்றத்தில் காலடியைச் சுருக்குங்கள். நம் ஊர்ச் சமவெளியில் பழகிய கால் அங்கேதான் முதலில் தளரும்.

கால் கனப்பது சாதாரணக் களைப்பு, அதோடு ஓடலாம். வெயிலில் திடீரென்று குளிர்ந்து மயிர்க்கூச்செறிந்தால், தலை சுற்றினால், பேச்சுத் தடுமாறினால் அது வேறு. உடனே நிற்க வேண்டும். பக்கத்தில் ஓடுபவருக்கு இப்படி ஆனால் முதலுதவிக் குழுவைக் கூப்பிட்டு, ஐஸ் தண்ணீரால் உடம்பைக் குளிர வையுங்கள். ஓடுமுன் வலி மாத்திரை போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வெப்பத்தில் அது சிறுநீரகத்துக்குக் கேடு.

வேன் ஏற்பாடு செய்வோருக்கும் ஒரு வார்த்தை. 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம். நள்ளிரவில் கிளம்பித் தூங்காமல் போய்ச் சேர்ந்தால் மேற்சொன்ன எதுவும் உதவாது. ஞாயிறு ஓட்டத்துக்குச் சனிக்கிழமை மதியமே புறப்படுங்கள். ஓட்டம் டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் என்றால் மஸ்ஜிட் இந்தியா பக்கம் தங்குங்கள், நடந்தே போகலாம். திரும்பும்போது ஓடியவர் கையில் வேன் சாவியைக் கொடுக்காதீர்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நடுப்பகல் வெயிலில் கண் தானாகச் சொக்கும். ஓட்டுநர் ஒருவர் தனியாக வரட்டும், அவருடைய செலவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டப் பயிற்சி தருவோர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.