போன்சாய் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: விதையிலிருந்து வெள்ளைப் பைன், மூன்றாம் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு 11 மாதக் கூட்டங்கள் நடந்தன. மழையால் தள்ளிவைத்த ஒன்றைத் திரும்பக் கூட்ட முடியவில்லை. புதிதாக 9 பேர் சேர்ந்தார்கள், 4 பேர் ஊர் மாறிப் போனார்கள். ஒரு கண்காட்சியும் கிளையை வளைக்கக் கம்பி கட்டும் பயிற்சி இரண்டும் நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரம் முழுவதையும் நம் நாற்றுக்கூடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு முழுக்க நம்மில் பலருடைய காலை நேரம் அங்கேதான் போனது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: நாம் வளர்ப்பது ஜப்பானிய வெள்ளைப் பைன். ஒரு கொத்துக்கு ஐந்து ஊசியிலை. பைன்களில் மெதுவாக வளரும் வகை இது, ஆண்டுக்கு ஒரு முறைதான் துளிர்விடும். போன்சாயாகப் பார்க்கக் கிடைக்கும் வெள்ளைப் பைன்களில் பெரும்பாலானவை கருப்புப் பைன் வேரில் ஒட்டுக் கட்டியவை. கருப்புப் பைன் வேர் வலுவானது, மரம் சீக்கிரம் தேறும். ஆனால் ஒட்டுக்குக் கீழே கரடுமுரடான பட்டை, மேலே வழவழப்பான பட்டை. அந்தக் கோடு பல ஆண்டுகள் ஆனாலும் மறைவதில்லை. வேர் முதல் நுனி வரை ஒரே மரமாக, தன் சொந்த வேரில் நிற்கும் வெள்ளைப் பைன் வேண்டுமென்றுதான் மூன்று ஆண்டுகளுக்கு முன் விதையிலிருந்து தொடங்கினோம்.

முதல் தொகுதியில் 300 விதைகள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தோம். மூழ்கியவை ஒரு தட்டுக்கும் மிதந்தவை இன்னொரு தட்டுக்கும் போயின. மிதப்பதெல்லாம் பொக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், நம் தட்டில் மிதந்தவற்றிலும் சில முளைத்தன. அப்புறம் ஈரமான மணலோடு கலந்து பையில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 3 முதல் 5 டிகிரி குளிரில் 90 நாள் வைத்தோம். வெறும் குளிர் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். மலையில் உதிரும் விதை பனிக்கடியில் ஈரத்தோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்த பிறகுதான் முளைக்கும். குளிருக்கு முன்பே முளைத்தால் பிஞ்சு செத்துப்போகும் என்பதால் விதைக்குள்ளேயே அந்தத் தடை இருக்கிறது. நாம் ஃபிரிட்ஜில் செய்வது அந்தத் தடையை எடுப்பதுதான்.

முதல் ஆண்டு 104 மட்டுமே முளைத்தன. மீதித் தட்டுகளைக் கொட்டிவிட்டு இடத்தைக் காலி செய்யலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தது நினைவிருக்கும். மூத்த உறுப்பினர் ஒருவர், "இன்னொரு குளிர்காலம் பார்க்காமல் எதையும் கொட்டாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தட்டுகளை ஈரம் காயாமல் ஒரு ஓரத்தில் வைத்தோம். அடுத்த ஆண்டு மேலும் 37 முளைத்தன. ஐந்திலைப் பைன்களில் சில விதைகள் இரண்டு குளிர்காலம் உறங்கும் என்பதைக் கண்ணால் பார்த்தோம். ஆகவே முளைக்காத தட்டை ஒரு ஆண்டுக்குள் கொட்டக்கூடாது என்பதை நாற்றுக்கூட விதியாக எழுதிவைத்திருக்கிறேன்.

அந்த 141-ல் இன்று உயிரோடு இருப்பவை 118. மூன்றாம் ஆண்டு முடிந்தும் பெரும்பாலானவை ஒரு சாண் உயரம்கூட இல்லை, தண்டு பென்சிலைவிட ஒல்லி. கண்காட்சிக்கு வந்தவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். அதற்காக வருந்த வேண்டாம். அந்த ஒல்லித் தண்டில்தான் இப்போது நமக்கு வேலை இருக்கிறது. அடித்தண்டின் முதல் வளைவை இப்போது கொடுத்தால்தான் உண்டு, தண்டு பருத்த பிறகு அந்த இடம் வளையாது. துளிர் அடங்கியிருந்த காலத்தில் 60 செடிகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றி, மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குள் வளைவு கொடுத்தோம். இரண்டு செடிகள் தாங்கவில்லை. மற்றவற்றில் கம்பி பட்டையை அழுத்துகிறதா என்று துளிர்க் காலத்தில் வாரந்தோறும் பார்க்க வேண்டும். கம்பி பதிந்த தழும்பு ஒரு வளைவின் அழகையே கெடுத்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். அடியில் இருக்கும் சிறு கிளைகளையும் ஊசியிலைகளையும் கிள்ளாதீர்கள். ஊசியிலை இல்லாத பழைய கட்டையில் பைன் எளிதில் துளிர்க்காது. இன்று சுத்தமாக இருக்கட்டும் என்று உருவிய இடத்தில் பத்து ஆண்டு கழித்துக் கிளை வேண்டுமென்றால் வராது.

சரி, இந்த ஆண்டின் பெரிய இழப்புக்கு வருகிறேன். மூன்றாம் தொகுதியாக 200 விதைகளை விதைத்தோம். அழகாக முளைத்தன. விதையோட்டைத் தொப்பி போலத் தலையில் சுமந்தபடி அவை வெளிவருவதைப் பார்க்கவே சிலர் தினமும் வந்தீர்கள். பறவைகள் அந்த ஓட்டைக் கொத்தும்போது முளையும் சேர்ந்து போய்விடுகிறது என்பதால் தட்டுகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடினோம். அதுதான் தவறு. காற்றோட்டம் நின்றது, மாலையில் ஊற்றிய தண்ணீர் இரவெல்லாம் தங்கியது, மட்கு கலந்த மண் வேறு. ஐந்தே நாளில் 46 நாற்றுகள் சாய்ந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, மேலே பச்சையாக இருக்கும்போதே விழுந்துவிடும். நாற்றழுகல் என்பது இதுதான். தாளால் மூடச் சொன்னது நான், பொறுப்பும் என்னுடையது.

பிறகு தாளை எடுத்துவிட்டு வலை கட்டினோம். விழுந்த நாற்றைச் சுற்றியிருந்தவற்றையும் சேர்த்து அப்புறப்படுத்தினோம். காலையில் மட்டும், தட்டின் அடியிலிருந்து உறிஞ்சும்படி தண்ணீர் கொடுத்தோம். மேலே கழுவிய சொரசொர மணலை ஒரு விரற்கடை பரப்பினோம். அதற்குப் பிறகு இழப்பு அநேகமாக நின்றது. இனி விதைத்தட்டில் மட்கு வேண்டாம். நுரைக்கல்லும் (துளைகள் நிறைந்த இலேசான எரிமலைக் கல்) கழுவிய மணலும் போதும், முதல் சில வாரங்களுக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது.

பிழைத்தவற்றில் 30 நாற்றுகளில் தண்டு வெட்டிப் பதிக்கும் முறையைப் பரீட்சித்தோம். முளைத்து ஆறு வாரம் ஆகி, தண்டு சற்று முறுகி, விதையிலைகளுக்கு நடுவே முதல் ஊசிகள் தெரியும் சமயத்தில் புதிய பிளேடால் தண்டின் அடிப்பகுதியை வெட்டி, ஆணிவேரை மொத்தமாக நீக்குகிறோம். வெட்டிய முனையில் வேர்விடும் பொடி தொட்டு, ஈரமான நுரைக்கல் பொடியில் நட்டு நிழலில் வைக்கிறோம். வேர்விட்டால், அது வெட்டிய வளையத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே மட்டத்தில் வரும். ஜப்பானியர் நெபாரி என்று சொல்லும் அடிவேர் விரிப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கருப்புப் பைனில் இது பழகிய முறை, வெள்ளைப் பைனில் இழப்பு அதிகம். நமக்கு 30-ல் 11 வேர்விட்டன. எனக்கு இது நல்ல எண்ணிக்கை. செயற்குழுவில் இருவருக்கு அப்படித் தோன்றவில்லை, அவர்கள் கருத்தையும் பதிவு செய்கிறேன். வெட்டாமல் விட்ட நாற்றுகளில் முதல் தொட்டி மாற்றத்தின்போது ஆணிவேரைக் குறுக்கி, பக்கவேர்களைப் பரப்பிவிட வேண்டும்.

இரண்டாம் தொகுதி பற்றிப் பலர் கேட்டீர்கள். சென்ற ஆண்டு வெள்ளைப் பைன் என்று விலைக்கு வாங்கிய விதை அது. முதல் ஆண்டில் எல்லாப் பைன் நாற்றும் ஒற்றை ஊசிகளோடுதான் இருக்கும், கொத்து வருவது பின்னால்தான். இந்த ஆண்டு கொத்துகள் வந்தன. பிரித்துப் பார்த்தால் இரண்டு இரண்டு ஊசி. 80 செடியும் கருப்புப் பைன். விதையைக் கையில் வாங்கியபோதே கண்டுபிடித்திருக்கலாம். வெள்ளைப் பைன் விதை பருமனானது, சிறகு மிகக் குட்டை. நமக்கு வந்தது சிறிய விதை. விற்றவருக்கு எழுதினோம், பதில் இல்லை. செடிகள் ஒரு பிழையும் செய்யவில்லையே, அவற்றைத் தனி வரிசையில் வளர்க்கிறோம். பராமரிப்பு மட்டும் வேறு. கருப்புப் பைன் நிறைய உரம் கேட்கும். வளர்ந்த பிறகு கோடையில் அதன் துளிரை வெட்டினால் அதே ஆண்டில் மறுபடி துளிர்க்கும். அதைப் பார்த்துவிட்டு யாரும் வெள்ளைப் பைனில் அப்படி வெட்டிவிடாதீர்கள். அந்த ஆண்டுக்கான பலத்தை அது ஒரே துளிரில் போட்டுவிடும். இரண்டு வரிசைக்கும் நடுவே சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறோம்.

தொட்டி மாற்றும்போது வேரைச் சுற்றி வெள்ளை இழை இழையாகத் தெரிந்ததை நோய் என்று நினைத்து ஒருவர் கழுவிவிட்டார். அவருக்கு முன்கூட்டியே சொல்லாதது எங்கள் குறை. அது பைனோடு கூடி வாழும் பூஞ்சை. வேர் எட்டாத இடத்திலிருந்தும் நீரையும் சத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். பழைய பைன் தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் புதிய கலவையில் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

தட்டுகளைக் கொட்டவிடாமல் தடுத்த அந்த மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தார். சங்கத்தின் சார்பில் அஞ்சலி செலுத்தியிருக்கிறோம். அவரிடம் வளர்ந்த ஏழு செடிகளையும் ஒரு நோட்டையும் குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்தார்கள். விதைத்த நாள், முளைத்த நாள், எந்தத் தட்டு, எப்போது வேர் வெட்டினார், எந்தக் கிளையை ஏன் விட்டுவைத்தார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு செடிக்கு நேரே, "இடப்பக்கக் கிளை தண்டு பருக்க மட்டும். எட்டாம் ஆண்டில் வெட்டவும்" என்று எழுதியிருக்கிறார். ஐந்து ஆண்டுகள் கழித்து வெட்டப்போகிறவருக்கு அவர் விட்டுச்சென்ற சொல் அது. நம் மற்ற செடிகளில் எத்தனைக்கு இப்படிக் குறிப்பு இருக்கிறது என்று அன்றே எண்ணிப் பார்த்தேன். 118-ல் 52.

வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்படும் மரம். ஹிரோஷிமாவைச் சேர்ந்த யமாகி குடும்பத்துடையது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மதிலின் மறைவில் நின்று தப்பியது. 1976-ல் ஜப்பான் அமெரிக்காவுக்குக் கொடுத்த போன்சாய்களில் ஒன்றாக அங்கே போனது. ஆனால் அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்ற செய்தி, 2001-ல் அந்த மரத்தைக் கொடுத்த மசாரு யமாகியின் பேரன்கள் நேரில் வந்து சொன்ன பிறகுதான் அருங்காட்சியகத்தாருக்குத் தெரிந்தது. 25 ஆண்டுகள் அந்த மரம் தன் கதை தெரியாத கைகளில் நன்றாகத்தான் வளர்ந்தது. பேரன்கள் வராமல் போயிருந்தால் அந்தக் கதை மரத்தோடு சேர்ந்திருக்காது. நோட்டைப் புரட்டிய நாளிலிருந்து இது என் மனதை விட்டு அகலவில்லை.

அதனால் செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. ஒவ்வொரு செடிக்கும் இனி இரண்டு பெயர் பதிவாகும்: இப்போது வளர்ப்பவர், அவருக்குப் பின் வளர்க்கப் போகிறவர். இரண்டாமவர் முதலாமவரைவிட குறைந்தது 15 வயது இளையவராக இருக்க வேண்டும். இருவரும் ஆண்டுக்கு ஒரு நாளாவது அந்தச் செடியின் முன் ஒன்றாக உட்கார்ந்து குறிப்பைப் புதுப்பிக்க வேண்டும். தொட்டியில் குத்தும் சீட்டில் எழுத்து வெயிலில் வெளுத்துவிடுவதால், எண்ணை மட்டும் அலுமினியத் தகட்டில் பொறித்துக் கம்பியால் தொட்டியோடு கட்டுவோம். விவரம் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். வயது விதி கடுமையாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் விவாதத்தில் சொல்லலாம். எனக்கு அது அவசியமாகப் படுகிறது.

வரும் ஆண்டில் புதிய விதை வாங்கப் போவதில்லை. முதல் தொகுதியில் மீதி இருப்பவற்றுக்குக் கம்பி, தண்டு வெட்டிப் பதித்து வேர்விட்ட பதினொரு நாற்றுகளுக்குத் தனித்தனித் தொட்டி, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாம் தொகுதியில் முளைக்காத தட்டுகள் வடக்குச் சுவரோரம் இருக்கின்றன. நாற்றுக்கூடம் பக்கம் வருகிறவர்கள் அவற்றின் ஈரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

விடுமுறை நாளிலும் தண்ணீர் முறையைத் தவறவிடாத 14 உறுப்பினர்களுக்கும், நோட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த அந்தக் குடும்பத்துக்கும் சங்கத்தின் நன்றி. அவருடைய ஏழு செடிகளுக்கு முதல் பெயர் இன்னும் நிரப்பப்படவில்லை. அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகு, பதிவேடு முன்மேசையில் இருக்கும்.

செயலாளர்