பதினேழாம் தேதி வாய்தாவுக்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

ஜீவனாம்ச வழக்குக்கு வக்கீல் வைக்கவில்லை, கோர்ட்டில் நானே நின்று பேசிக்கொள்கிறேன் என்று நீ போனில் சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை. பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நானும் அப்படித்தான் போய் நின்றேன். துணிச்சல் எல்லாம் இல்லை, ஃபீஸ் கொடுக்கக் காசு இல்லை.

அன்றைக்கு நான் செய்த தப்பை நீ செய்யாதே. ஜட்ஜம்மா "சொல்லுங்கம்மா" என்றதும், கல்யாணப் பந்தியில் உன் அப்பத்தா பேசிய பேச்சிலிருந்து ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு கட்டினீங்க? ரசீது இருக்கா?" என்றார். ரசீது வீட்டில் அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தது. அடுத்த வாய்தா ஐந்து வாரம் தள்ளிப் போயிற்று. அந்த ஐந்து வாரம் யார் வீட்டு அரிசியில் சாப்பிட்டோம் என்று உனக்கே ஞாபகம் இருக்கும்.

அதனால் முதலில் ஒரு தாளில் மாசச் செலவை எழுது. வாடகை, பால், கரண்ட், ஸ்கூல் வேன், சின்னவனின் இழைப்பு மருந்து. தோராயமாகப் போடாதே. பால்காரர் அட்டையைப் பார்த்து எழுது. ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி மூன்று செட் ஜெராக்ஸ் எடு: கோர்ட்டுக்கு, எதிர்த்தரப்புக்கு, உனக்கு. ஒரிஜினலை யாரிடமும் சும்மா நீட்டிவிடாதே. மாப்பிள்ளை (இன்னும் கை அப்படித்தான் எழுதுகிறது) அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜுக்கு வெறும் பிரிண்ட் போதாது, அது எந்த போனிலிருந்து எப்படி எடுத்தது என்று சொல்லும் ஒரு சான்றிதழும் கூடவே இணைக்க வேண்டும்.

உன் சம்பளத்தை மறைக்காதே. 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதிலிருந்து, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் கொடுத்தாக வேண்டும். நீ வாங்கும் எட்டாயிரத்தை விட்டுவிட்டு, அவர்கள் அதைக் கண்டுபிடித்து நீட்டினால், அப்புறம் நீ சொல்லும் நிஜமும் எடுபடாது.

வழக்கு முடியும்வரை கிடைக்கும் இடைக்கால ஜீவனாம்சத்துக்குத் தனியாக மனு போட்டாயா? எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை அதை முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நடப்பில் இழுக்கத்தான் செய்யும். ஆனாலும் நீ வாய் திறந்து கேள்.

எதிர்ப்பக்கம் வக்கீல் வந்து நிற்பார். 1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி வக்கீல் வைப்பது யாருக்கும் உரிமை கிடையாது, கோர்ட் அனுமதித்தால்தான். அனுமதி கொடுத்துவிடுகிறார்கள், அது வேறு கதை. அவர் அதட்டிக் கேட்டாலும் பதிலை ஜட்ஜைப் பார்த்துச் சொல். கேள்வி புரியவில்லையா, புரியவில்லை என்று சொல். நம் தெருவில் நாலைந்து பெண்களுக்குத் துணையாகப் போய் நான் பார்த்தது: புரியாமல் தலையாட்டியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

குறுக்கு விசாரணை பயமாக இருந்தால் வீம்பு பிடிக்காதே. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவியில் வக்கீல் கேட்கலாம். 15100-க்கு போன் போடு. கவுன்சிலிங்குக்கு அனுப்பினால் போ, பேசு. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து மட்டும் போடாதே.

பாரிமுனையில் இறங்கி ஹைகோர்ட் வளாகத்துக்குள் போக வேண்டும் என்றாயே, கேட்டில் சோதனை இருக்கும், ஒன்பதரைக்கே போய்விடு. டவாலி பேரைக் கூப்பிடும்போது நீ டீக்கடையில் நின்றால் மனுவையே தள்ளுபடி செய்துவிடலாம். காலையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போ.

சின்னவனைத் தூக்கிக்கொண்டு போகாதே. பதினாறாம் தேதி காலையிலேயே நான் அங்கே வந்துவிடுவேன். ராத்திரி எல்லாத் தாளையும் தரையில் பரப்பி வை, நான் ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்து கேட்கிறேன். அப்பத்தா கதையை எடுத்தால் எழுந்து போய்விடுவேன்.

உன் அம்மா