விரதம் யாருடைய முடிவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மதத்தில் விதிகள் இருக்கும் வரை சுதந்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாதி சரி என்று பட்டது, மீதிப் பாதி உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கடலூர்க்காரி. வடலூர் எங்களுக்குப் பக்கம். வள்ளலார் 1872இல் திறந்த சத்திய ஞான சபையின் வாசலில், கொலை புலை தவிர்த்தவர்கள், அதாவது உயிர்க்கொலையும் புலால் உணவும் விட்டவர்கள், மட்டும்தான் உள்ளே வரவேண்டும் என்று எழுதியிருக்கும். மற்றவர்கள் வெளியே நின்று வணங்கலாம். இதைக் கட்டுப்பாடு என்றுதான் உங்கள் கட்டுரையாளர் சொல்வார். ஆனால் ஒருவர் நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று சோதிக்க எந்த வாசலிலும் வழி கிடையாது. அந்த வரியைப் படிக்கிறவர்தான் உள்ளே போவதா நிற்பதா என்று முடிவு செய்யவேண்டும், அதில் அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் நடுவில் ஆளே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பக்கத்திலேயே இருக்கிறது. சபைக்கு முன்பே, 1867இல், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையை அவர் தொடங்கிவிட்டார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சோற்றுக்கு வருகிறவரிடம் சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் விசாரிக்கக்கூடாது என்பது அவர் சொன்ன முறை. யோசித்துப் பாருங்கள், ஒருவரைத் தன் கொள்கைக்கு இழுக்கவேண்டும் என்றால் அதற்குச் சுலபமான இடம் சாப்பாட்டுப் பந்திதான், பசியோடு வந்தவர் எதற்கும் தலையாட்டுவார். அந்த இடத்தில் அவர் எதையும் கேட்கவில்லை. வழிபாட்டுக்கு நிபந்தனை வைத்தவர் பசிக்கு வைக்கவில்லை. புலால் மறுப்பில் அவ்வளவு உறுதியாக இருந்தவர் இப்படிச் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. அவரும் சும்மா கிடைத்த நம்பிக்கையோடு இருந்துவிட்டவர் இல்லை. சைவத்தில் தமக்கு இருந்த பற்று அளவு சொல்ல முடியாதது என்றும், அதைக் கடந்து வந்துவிட்டதாகவும் 1873இல் மேட்டுக்குப்பத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அப்பர் கதையும் எங்கள் ஊரோடு சேர்ந்ததுதான். சமணத்தில் தருமசேனராக இருந்துவிட்டு, அக்கா திலகவதியார் இருந்த திருவதிகைக்குத் திரும்பி வந்து சைவரானவர். அப்போது சமணனாக இருந்த பல்லவ அரசன் அழைத்தபோது, நாமார்க்கும் குடியல்லோம் என்று மறுத்தவர். கல்லில் கட்டிக் கடலில் போட்டும் அவர் கரையேறிய இடம் என்று இன்றைக்கும் கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுகிறோம், பெருமையாகத்தான் காட்டுகிறோம். ஆனால் பின்னால் அதே அரசன் சைவனாக மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அதைக் கொண்டு திருவதிகையில் கோயில் கட்டினான் என்றும் பெரியபுராணமே சொல்கிறது. அந்தப் பாடலிபுத்திரம் நான் குடியிருக்கும் திருப்பாதிரிப்புலியூர்தான். அப்பருக்கு இருந்த உரிமை, மாறாமல் இருக்க விரும்பிய சமணருக்கும் இருந்திருக்கவேண்டும் இல்லையா? நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், தேவாரம் படிக்காமல் எனக்குப் பொழுது விடியாது, இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, பழைய அரசர்கள் போகட்டும். இன்றைக்கு வீட்டுக்குள் நடப்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கார்த்திகையில் மாலை போட்டுக்கொள்ளும் ஆண்களில் பெரும்பாலோர் உண்மையான பக்தியோடுதான் போடுகிறார்கள், என் கணவரும் அப்படித்தான். ஆனால் விடியற்காலையில் அவருக்கு முன்னால் எழுந்து தலைக்குக் குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, அப்புறம் பிள்ளைகளுக்கு வேறு சமைத்து, வேலைக்கும் போகிற பெண்ணிடம் "இந்த வருஷம் போடட்டுமா, உன்னால் முடியுமா?" என்று எத்தனை வீட்டில் கேட்கிறார்கள்? முடிவு ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது என்றால் அந்த விரதத்தில் பாதி வற்புறுத்தல் கலந்திருக்கிறது. நானே விரும்பித்தான் செய்தேன், ஆனால் விரும்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். கந்த சஷ்டிக்கு விரதம் இருக்கமாட்டேன் என்று சொன்னாள். "சாமி குத்தம் ஆயிடும்டி" என்று மாமியார் அழாத குறை. அவர் பயம் பொய்யில்லை, பேத்தி நன்றாக இருக்கவேண்டும் என்கிற பயம் அது. இருந்தாலும், பயந்துகொண்டு பட்டினி கிடப்பதில் முருகனுக்கு என்ன சந்தோஷம் என்று கேட்டு, அவளை விட்டுவிடச் சொன்னேன். அடுத்த சில மாதத்தில் அவளே மீன் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். துறைமுகத்து மீன் தினமும் தெருவுக்கு வருகிற ஊரில் அது லேசான காரியம் இல்லை. அவள் அப்பா எதிரிலேயே உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுவார், ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சஷ்டி விரதம் இன்னும் இருப்பதில்லை. மாமியாருக்கு ஒன்றில் மகிழ்ச்சி, ஒன்றில் வருத்தம்.

விதியே வேண்டாம் என்று கட்டுரையாளர் சொல்வதை என்னால் ஏற்க முடியாததற்கு என் மகளும் ஒரு காரணம், அவளை யாரும் கட்டவில்லை, தானே ஒரு விதியை எடுத்துக்கொண்டாள். நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவும் மனசாட்சியின் சுதந்திரத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மதத்தைப் பின்பற்றும் உரிமையைச் சொல்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் கார்த்திகை இதழுக்கு விரதம் இருக்கிறவர்களிடம் பேட்டி எடுப்பீர்கள். இந்த முறை அவர்களுக்குச் சமைக்கிறவர்களிடமும் எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.