கடன் போகல, ஆள் மாறிருக்கு

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதிருந்தாரு, கிறிஸ்தவங்களுக்கு என்ன, வாரம் பூரா தப்பு பண்ணிட்டு ஞாயித்துக்கெழம சாமியார் காதுல சொல்லிட்டா எல்லாம் தள்ளுபடி, விவசாயக் கடன் தள்ளுபடி மாதிரின்னு. எனக்கு கோவம் வரல, சிரிப்புதான் வந்துச்சு. ஏன்னா அவர் சொன்ன உதாரணமே அவருக்கு பதில் சொல்லுது. 2021 பிப்ரவரியில கூட்டுறவு சங்கத்து பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடின்னு நம்ம மாநிலத்துல அறிவிச்சாங்களே, அந்த பணம் காத்துல கரைஞ்சா போச்சு? விவசாயி கட்ட வேண்டியத அரசாங்கம் தன் தலையில எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான்.

நான் காரைக்குடிக்காரன், கத்தோலிக்கன், எங்க அப்பா ஒரு செட்டியார் வட்டிக்கடையில கணக்கப்பிள்ளையா இருந்தவரு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தா கடையில அப்பா பக்கத்துல தான் உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு நாள் சாயங்காலம் ஒரு பொம்பள வந்து நின்னுச்சு, புருஷன் வண்டி ஓட்டுனவரு, செத்து ஒரு மாசம் கூட ஆகல, கையில பிள்ள, அசலும் கட்ட வழியில்ல வட்டியும் கட்ட வழியில்லன்னு அழுவுது. செட்டியார் ஐயா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, பெறகு ப்ரோநோட்ட எடுத்து நாலா கிழிச்சு அந்தம்மா கையில குடுத்து போயிட்டு வாத்தான்னாரு. அது போனதும் எங்கப்பா பேரேட்ட தொறந்து வச்சுக்கிட்டு முழிக்கிறாரு, நோட்டு கிழிஞ்சாச்சு சரி, பேரேட்டுல நிக்கிற தொகைய என்ன பண்றது, அத யார் பேர்ல எழுதுறதுங்க ஐயான்னு கேட்டாரு. "என் பத்துல எழுதும்வே"ன்னாரு செட்டியார், அதாவது அந்த தொகைய அவர் கணக்குலயே பற்றா எழுதச் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி சைக்கிள்ல வீட்டுக்கு வர்றப்ப அப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு, கடன் போகலடா தம்பி, ஆள் மாறிருக்கு.

பாவப் பரிகாரம்னு, அதாவது நம்ம பாவத்துக்காக இயேசு சிலுவையில உயிர குடுத்தாருன்னு, எங்க சாமியார்மார் பிரசங்கத்துல எத்தனையோ சொல்லிருக்காங்க, எனக்கு வெளங்குனது அந்த சைக்கிள்ல தான்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) காரங்க வச்சிருக்கிற பழைய தமிழ் பைபிள எடுத்து பாருங்க, மத்தேயு 6:12ல இயேசு கத்துக்குடுத்த ஜெபம் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்"னு தான் இருக்கு. நாங்க கோயில்ல குற்றம்னு சொல்லி பழகிட்டோம், ஆனா மூலத்துல கடன்தான். இயேசு பேசுன அரமேயிக் பாஷையில கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே வார்த்தை. இன்னொண்ணு, கொலோசெயர் 2:14ல நமக்கு விரோதமா இருந்த "கையெழுத்த" சிலுவையில ஆணி அடிச்சாருன்னு வரும், என்ன கையெழுத்துன்னு ரொம்ப பேருக்கு புரியாது, கிரேக்கத்துல அது கடன் வாங்குனவன் தன் கைப்பட எழுதி குடுத்த முறி, நம்ம ப்ரோநோட்டு தாங்க. அப்பறம் மீட்பு, மீட்பர்னு ஓயாம சொல்றோமே, நம்ம ஊரு கடைத்தெருவுல அடகுக்கடை வாசல்ல நின்னு பாருங்க, நகைய மீட்க வந்தேன்னு தான் ஒவ்வொருத்தரும் சொல்வாங்க. செட்டிநாட்டுல பொறந்தவனுக்கு இந்த மதத்த வெளங்கிக்கிறது கஷ்டமே இல்ல, பாதி பாஷை நம்ம கடையில பேசுறது.

ஆனா ஒரு கேள்வி நியாயமான கேள்வி, அவரும் கேட்டிருந்தாரு: ஒருத்தன் செஞ்ச தப்புக்கு இன்னொருத்தர் எப்படி சாகலாம், அவனவன் வினைய அவனவன் தானே அனுபவிக்கணும்? பைபிள்லயே எசேக்கியேல் 18ல பாவஞ்செய்றவன் தான் சாவான், அப்பன் பாவத்த மகன் சொமக்க மாட்டான்னு தெளிவா இருக்கு. மேல கடவுள் கோவமா உக்காந்திருக்காரு, ரத்தம் பாத்தா தான் ஆறுவாரு, அதுக்கு தன் மகனையே அடிச்சாருங்கிற மாதிரி சிலர் பிரசங்கம் பண்றாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கல, அப்பன அப்படி காட்டுனா எந்த பிள்ள வீட்டுக்கு வரும். இதுல சபைகளுக்குள்ளயே ஒரே பேச்சு கெடையாதுங்க. நம்மள மீட்க இயேசு தன் உயிர மீட்கும்பொருளா, அதாவது விலையா குடுத்தாருன்னா, யாருக்கு குடுத்தாரு, சாத்தானுக்கான்னு ஆதி காலத்துல ஒரு பேச்சு ஓடுச்சு, 4ஆம் நூற்றாண்டுல நசியான்சு ஊர் கிரகோரியார் அதெல்லாம் அபத்தம், திருடனுக்கு போய் கிரயம் குடுப்பாங்களான்னு மறுத்தாரு. 1098 வாக்குல இங்கிலாந்துல கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் வந்து, பாவம்னா கடவுளோட மகிமைக்கு மனுசன் பட்ட கடன், கட்ட வேண்டியவன் மனுசன், கட்ட முடிஞ்சவர் கடவுள் மட்டும், அதனால தான் கடவுள் மனுசனானாருன்னு கணக்கு போட்டாரு. கொஞ்ச காலத்துல அபெலார்துன்னு ஒரு பிரெஞ்சு அறிஞர், அதெல்லாம் இல்ல, அந்த அன்ப பாத்து நம்ம மனசு மாறுறது தான் விஷயம்னாரு. ஆயிரம் வருசம் ஆகுது, இது ஒண்ணு தான் சரின்னு எல்லா சபைக்கும் பொதுவா ஆயர்கள் கூடுற எந்த சங்கமும் முடிவு கட்டல. எனக்கு செட்டியார் கடை கணக்கு போதும்: மூணாவது ஆள புடிச்சுட்டு வந்து கட்ட வைக்கல, கடன் குடுத்தவரே நட்டத்த தன் பத்துல எழுதிக்கிட்டாரு. பவுல் 2 கொரிந்தியர் 5:19ல கடவுள் கிறிஸ்துவுக்குள்ள இருந்து உலகத்த தன்னோட ஒப்புரவாக்குனாரு (சமாதானமாக்குனாரு), பாவங்கள "எண்ணாமல்"னு எழுதுறாரு, அந்த எண்றதுக்கு கிரேக்கத்துல உள்ள வார்த்தையும் கணக்கு எழுதுறவன் வார்த்தை தான்.

அடுத்து, எங்களுக்கு மன்னிப்பு ரொம்ப ஈசிங்கிற அவர் குற்றச்சாட்டு. மத்தேயு 18ல ராஜாவுக்கு பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் கதை இருக்கே, ஒரு தாலந்துன்னா 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெருக்கி பாத்தா 6 கோடி நாள் கூலி, லீவு போடாம வேலை பாத்தாலும் 1,64,000 வருசம் ஆகும். அத மன்னிச்சு விட்டாரு ராஜா. வெளிய வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரணும்னு இன்னொருத்தன் கழுத்த புடிச்சான். இந்த நூறு சும்மா சில்லறைன்னு பிரசங்கத்துல சொல்லிட்டு போயிருவாங்க, நூறு நாள் வேலைக்கு போற நம்ம ஊரு பொம்பளைங்கள கேட்டு பாருங்க நூறு நாள் கூலின்னா என்னன்னு. நமக்கு வர வேண்டியது நெசமாவே பெரிய தொகையா தான் இருக்கும், அதான் மன்னிக்க வலிக்குது.

மன்னிப்பு வாங்குனவன் கையில உள்ளத திருப்பி குடுக்க வேணாம்னும் யாரும் சொல்லல. சகேயு வரி வசூல்காரன், இயேசு வீட்டுக்கு வந்த உடனே சொத்துல பாதி ஏழைகளுக்கு, ஏமாத்தி வாங்கிருந்தா நாலு மடங்கா திருப்பி தர்றேன்னான். சாமியார் கிட்ட பாவத்த சொல்ற எங்க பாவசங்கீர்த்தனத்துலயும் அப்படித்தான், திருடுனத திருப்பி குடுக்குற கடமை சாமியார் மன்னிப்பு சொல்லிட்டாருன்னு போகாது, இத அந்த கடிதம் எழுதுன அன்பருக்கு யாரும் சொல்லல போல. சட்டமும் தனி. 1999 ஜனவரியில ஒடிசா மனோகர்பூர்ல ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸையும் அவர் ரெண்டு பையன்களையும் ஜீப்போட வச்சு எரிச்சாங்க, அவர் மனைவி கிளாடிஸ் மன்னிச்சுட்டேன்னு வெளிப்படையா சொன்னாங்க, கேஸ் பாட்டுக்கு நடந்துச்சு, குற்றவாளிக்கு ஆயுள் தண்டனைய 2011ல சுப்ரீம் கோர்ட்டு உறுதி பண்ணுச்சு. அந்தம்மாவுக்கு புருஷனும் போயி பிள்ளைங்களும் போயி, அந்த நட்டத்த யார் பத்துல எழுதுனாங்கன்னு யோசிச்சு பாத்துட்டு அப்பறம் ஈசின்னு சொல்லட்டும்.

இவ்வளவு பேசுற எனக்கே ஒரு கணக்கு நிலுவையில இருக்கு. என் கூடப்பொறந்த தம்பி, எங்க அப்பா விட்டுட்டு போன துண்டு நெலத்த எனக்கு தெரியாம என் கையெழுத்தையும் அவனே போட்டு வித்துட்டான், வருசம் பதினொண்ணு ஆச்சு. ரெண்டு வருசம் முன்ன ஒரு சாவு வீட்டுல வந்து அண்ணே மன்னிச்சுருங்கண்ணேன்னு கைய புடிச்சான், பணத்த பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் சரிப்பான்னு வாயால சொன்னேன். இந்த தவக்காலத்துல சாமியார் கிட்ட இதத்தான் சொன்னேன், அவரு காணிக்கைய பீடத்துலயே வச்சுட்டு மொதல்ல சகோதரன் கிட்ட போன்னு மத்தேயு 5ல இருக்கே, படிச்சிருக்கீங்களான்னு மட்டும் கேட்டாரு. அன்னைக்கே தம்பிக்கு போன் போட்டேன், எடுக்கல. ஒரு வகையில எடுக்காதது நல்லதா போச்சுன்னு தோணுச்சு, ஏன்னா எடுத்திருந்தா என்ன பேசிருப்பேன்னு எனக்கே தெரியல, அந்த தொகைய என் பத்துல எழுத இன்னும் கை வரல. பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முன்னாடி மறுபடியும் போடணும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்,
காரைக்குடி.